மேலாளர் மங்கலாக இருந்த பதினோரு ஆண்டுகள்

சோப்பு ஆலையின் மேலாளர் பதினோரு ஆண்டுகள் மங்கலாக இருந்தார். தெருக்கோடியில் நின்றாலும் மங்கல், கை தொடும் தூரத்தில் நின்றாலும் அதே மங்கல். மூக்கு எங்கே முடிந்து மீசை எங்கே தொடங்குகிறது என்பது அவர் மனைவிக்கே மறந்துபோயிற்று. முடிதிருத்துபவர் அவருக்குச் சவரம் செய்ததெல்லாம் குத்துமதிப்புத்தான். இரண்டு முறை காதில் நுரை தடவியதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். புதுச் சட்டை வாங்கினால், உறைக்குள் இருந்தவரை தெளிவாக இருந்த கோடுகள் கடைசிப் பொத்தானைப் போட்டதும் கலங்கிவிடும். அதே பதினோரு ஆண்டுகளும் ஆலையில் சோப்புக்கு முத்திரை பதிக்கும் கூடத்தில் ஒரு தூணில் தொங்கிய சிவப்பு மணல்வாளி அளவுக்கு மீறித் தெளிவாக இருந்தது. தீப்பிடித்தால் கொட்டி அணைப்பதற்காக வைத்த வாளி. அதன் விளிம்பில் ஒட்டியிருந்த மணலை வாயிற்கதவருகே நின்றபடியே ஒவ்வொரு மணியாக எண்ண முடிந்தது. மதிய இடைவேளையில் அப்படி எண்ணிப் பந்தயம் கட்டியவர்களும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒரே படம். அதை எடுத்தவள் பொட்டலப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண். அன்று அவள் கேமராவைக் கையில் எடுத்து நான்காவது நாள்.

அவளுக்கு ஓர் அக்கா. அக்கா அதே ஆலையில் ஏழாம் எண் அச்சு இயந்திரத்தில் இருந்தாள். அந்த இயந்திரத்தின் வேலை எளிது. வெட்டி வந்த சோப்புக் கட்டியை அச்சின் நடுவில் வைத்து, காலால் மிதியை அழுத்த வேண்டும். மேலிருந்து இரும்பு இறங்கி ஆலையின் முத்திரையைப் பதித்துவிட்டு ஏறிவிடும். இரும்பு இறங்குவதற்கு அரை நொடி முன்னால் ஒரு கம்பிக்கூண்டு இறங்கி, கை உள்ளே இருந்தால் வெளியே தள்ளிவிடும். அந்த அரை நொடிக்குள்தான் பத்து விரல்களின் ஆயுள் இருந்தது. மேலாளருக்கோ அந்த அரை நொடி கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது. ஒரு திங்கட்கிழமை காலை அவரே ஸ்பேனரோடு வந்து, இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என நான்கு போல்ட்டுகளையும் கழற்றிக் கூண்டைச் சுவரில் சாய்த்துவைத்தார். "இனிமே ஓட்டிப் பாரு, சும்மா பறக்கும்" என்றார். பறந்தது. பதினொரு மணிக்கு அக்காவின் வலக்கையிலிருந்து மூன்று விரல்கள் போயின.

ஆம்புலன்ஸ் ஆலையின் வாசலைத் தாண்டுவதற்குள் கூண்டு பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. ஊரில் இருந்த ஒரே ஸ்டூடியோக்காரரை வரவழைத்து, கூண்டோடு கூடிய இயந்திரத்தை நான்கு கோணங்களில் படமெடுத்தார்கள். பார்த்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு வீடு, வீட்டுக்கொரு அடுப்பு, ஆகவே வாய் திறக்கவில்லை. விசாரணை அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு, கட்டுப்போட்ட கையைப் பார்த்து இரக்கப்பட்டு, பிறகு நான்கு படங்களையும் மேசைமேல் பரப்பினார். "நீங்க சொல்றதை நான் நம்பலாம்மா. ஆனா படம் பொய் சொல்லுமா?" என்று கேட்டார். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி, மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டுமென்று அறிவிப்புப் பலகையில் கண்ணாடிக்குள் ஒட்டினார்கள். தங்கை தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போக வேண்டும். ஊசியில் நூல் கோக்கும்போது மூச்சை நிறுத்துகிறவள் அக்கா. பாலைக் காய்ச்சினால் அது பொங்கும் நொடியில் பக்கத்தில் நிற்பவள். அவளைப் பற்றித்தான் அந்தச் சொல். விரல் போனதைவிட அந்தச் சொல்தான் தங்கையை அரித்தது.

"படம் சொன்னாத்தான் நம்புவாங்கன்னா, படமே சொல்லட்டும்" என்றாள் ஒரு நாள், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே.

"கேமராவுல எந்தப் பக்கம் கண்ணை வைக்கணும்னாவது தெரியுமாடி உனக்கு?" என்றாள் அக்கா.

"தெரியாது. கத்துக்கறேன். அந்த ஆளு எங்க ஓடிடப் போறான்?"

கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில், கொடுத்தவர் திரும்பி வராமல் கிடந்த ஒரு கேமராவை வாங்கினாள். கூடவே ஒரு விளக்கப் புத்தகம். எந்த நாட்டு மொழியோ, எழுத்து புரியவில்லை, படங்கள் மட்டும் புரிந்தன. கேமரா என்பது உண்மையில் ஓர் இருட்டுப் பெட்டி. முன்னால் ஒரு துளை, துளையில் ஒரு கண்ணாடி வில்லை, பின்னால் வெளிச்சம் பட்டால் கறுக்கும் ஃபிலிம். துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதையும் கூட்டிக் குறைக்கலாம். மூன்றாவதாக, வில்லையைச் சுற்றி ஒரு வளையம். அதில் நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, பத்து என்று எண்கள். ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறாரோ அந்த எண்ணுக்கு வளையத்தைத் திருப்பினால் ஆள் தெளிவாக விழுவார். கடைசியில் ஓர் எட்டு படுத்துக்கிடந்தது. "இந்த எட்டு தூங்குது" என்று அக்கா சொன்னாள். கண்ணுக்கெட்டாத தூரத்துக்கான குறி அது என்று இருவருக்கும் அப்போது தெரியாது. இன்னொன்றும் தெரியாது. வளையத்தில் இருந்தவை அடிக்கணக்கு. பொட்டலப் பிரிவில் யாரும் அடிக்கணக்கில் பேசுவதில்லை. அங்கே எல்லாவற்றுக்கும் அளவு அட்டைப்பெட்டிதான்: கதவு ஐந்து பெட்டி உயரம், கழிப்பறை நாற்பது பெட்டி தூரம், புதுசாகச் சேர்ந்த பெண் மூன்றரைப் பெட்டி. ஒரு பெட்டி ஒன்றரை அடி நீளம். எண்ணைக் கண்டதும் தங்கையின் மனம் தானாகவே பெட்டியை நினைத்தது.

மேலாளர் கூண்டைக் கழற்றும் பழக்கத்தை விடவில்லை. வெளியாள் யாரும் வராத நாட்களில் கழற்றுவார், வருகிறார்கள் என்றால் மாட்டுவார். தங்கை அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால் குந்தி, அவர் ஸ்பேனரும் கூண்டுமாகத் திரும்பிய நொடியில் எடுத்தாள். தூரம் எட்டுப் பெட்டி. வளையத்தை எட்டில் வைத்தாள். கூடம் இருட்டாக இருந்ததால் துளையை முழுவதும் திறந்திருந்தாள். துளை அகலமானால் தெளிவு ஒரு மெல்லிய தட்டி மாதிரி ஓரிடத்தில் மட்டும் நிற்கும். துளை சுருங்கினால்தான் அந்தத் தட்டி முன்னும் பின்னும் தடிக்கும். ஆக, பன்னிரண்டடியில் நின்ற மேலாளருக்கு நான்கடி முன்னால், எட்டாவது அடியில், தெளிவு மெல்லிய தட்டியாக நின்றது. அங்கே வாளி தொங்கியது. கழுவிய படத்தை நீட்டிய ஸ்டூடியோக்காரர், "வாளியை ரொம்ப நல்லா எடுத்திருக்கேம்மா. பின்னால ஏதோ புகை மாதிரி இருக்கே, அது என்ன?" என்று கேட்டார். அந்தப் படம் ஈரம் காய்வதற்குள் மேலாளர் ஆலையில் மங்கிவிட்டார். ஏன் என்பதற்கு ஆலை மின்பணியாளர் ஒரு காரணம் சொன்னார், மருத்துவர் இன்னொன்று சொன்னார், இரண்டும் ஒத்துவரவில்லை. ஊரில் எத்தனையோ பேர் படம் எடுத்தார்கள், அவை காகிதத்தோடு நின்றன. அவள் எடுத்தது மட்டும் ஆளில் ஒட்டியது.

அவள் கெடுதல் செய்ய நினைத்தது அவருக்கு நன்மையாக முடிந்ததுதான் கொடுமை. மங்கலான ஆளைக் குற்றம் சொல்வது கடினம். அடுத்த ஆண்டு மூன்றாம் எண் இயந்திரத்தில் ஒருவருக்குக் கட்டைவிரல் போனபோது, "கூண்டைக் கழற்றியது இவர்தானா?" என்று விசாரணையில் கேட்டார்கள். சாட்சி அவரை மேலும் கீழும் பார்த்தார், கண்ணைக் கசக்கினார், "இவரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா இவரே எவரு மாதிரி இருக்காருன்னு தெரியலையே" என்றார். வழக்கு அத்தோடு போயிற்று. கோபமா சிரிப்பா என்று முகத்தில் தெரியாததால் முதலாளிகள் அவரை ஆழமானவர் என்று நம்பினார்கள். அவர் முட்டாளில்லை. கண்ணாடியில் தன்னைக் கண்ட முதல் வாரத்திலேயே இது வரம் என்று புரிந்துகொண்டார். அன்று கேமராவின் சத்தம் அவர் காதில் விழுந்திருந்தது. யார் என்று தெரியாவிட்டாலும் எதனால் என்று தெரிந்தது. வாயிலில் பை சோதனை வைத்து, ஆலைக்குள் கேமரா நுழையக் கூடாது என்று பலகை எழுதினார். தெருவில் போகும்போதும் கறுப்புக் குடை பிடித்தார்.

தங்கை வேறு வழியில்லாமல் ஒழுங்காகக் கற்கத் தொடங்கினாள். மறுபடி ஒரு வாய்ப்புக் கிடைத்தால் தவறக் கூடாது. அதற்கு ஊரையே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டாள். ஊர் பாடுபட்டது. எதிர்வீட்டுத் தையல்காரரைத் துளை சுருக்கி, நேரமும் குறைத்து எடுத்தாள். வெளிச்சம் போதாமல் அவர் இரண்டு மாதம் அந்தி நேரத்திலேயே வாழ்ந்தார், நண்பகலில் விளக்கேற்றித் தன் கையைத் தேடினார். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரரைக் கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்ததில் அவர் காற்றில் வளைந்த மரம்போல இடப்பக்கம் சாய்ந்தே நடந்தார். ஃபிலிமைச் சுற்றி நகர்த்த மறந்ததால் பக்கத்து வீட்டு ஆளும் அவர் சைக்கிளும் ஒரே கட்டத்தில் விழுந்தார்கள். அவர் மார்புக்குக் குறுக்கே சைக்கிளின் கைப்பிடி தெரிந்தது, இருமினால் மணி அடித்தது. அவர் மனைவி படியேறி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏம்மா, நீ கத்துக்கறதுக்கு எம் புருஷன்தான் கெடைச்சாரா? ஆளைத் தனியா, சைக்கிளைத் தனியா எடுத்துக் குடு. ராத்திரி புரண்டு படுத்தா பெடல் குத்துது."

"ஞாயித்துக்கிழமை எடுத்துடறேங்க்கா. தப்பாயிடுச்சு."

"மணியை மட்டும் விட்டுவை. எங்க இருக்காருன்னாவது தெரியுது."

தவறான படத்தைச் சரியான படம் திருத்திவிடும் என்பது இப்படித்தான் தெரியவந்தது. தையல்காரருக்குப் பகல் திரும்பியது, வீட்டுக்காரர் நிமிர்ந்தார், பக்கத்து வீட்டு ஆளிடமிருந்து மணியைத் தவிர மற்றதெல்லாம் போயின. கழுத்தில் அளவுநாடாவைத் தொங்கவிட்டு, எவரைக் கண்டாலும் மூக்குவரை அளந்ததால் ஊர் அவளுக்கு அளவுகாரி என்று பெயர் வைத்தது. குளியலறை ஜன்னலைக் கம்பளியால் அடைத்து, சிவப்பு விளக்குப் போட்டு, மூன்று தட்டுகளை வரிசையாக வைத்து அவளே கழுவினாள். முதல் தட்டில் படம் வரும், இரண்டாவதில் வருவது நிற்கும், மூன்றாவதில் நின்றது நிலைக்கும். அந்த மூன்றாவது தட்டில்தான் படம் ஆளில் ஒட்டியது. தட்டுகளை ஆட்டியது அக்காவின் இடக்கை. ஆண்டுகள் போகப் போக, வெயில் முதுகில் இருந்தால் எதிரில் நிற்பவர் கண் சுருங்கும், பக்கவாட்டில் இருந்தால் முகத்துக்கு மேடுபள்ளம் வரும், வெள்ளைச் சுவர் கேமராவை ஏமாற்றும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். சிலர் அவளை நல்ல மனசுக்காரி என்றார்கள். அவள் யாருக்கும் நல்லது செய்வதற்காகக் கற்கவில்லை. நல்லது, துணி வெட்டும்போது விழும் துண்டு மாதிரி, ஓரத்தில் விழுந்தது. மூக்குவரை அளந்த ஒவ்வொரு முறையும் அவள் அளந்தது ஒரே மூக்கைத்தான். வேலைக்குப் போகும் வழியில் அறிவிப்புப் பலகையின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டுப் போவாள். அந்தச் சொல் மங்கிவிடக் கூடாது.

ஸ்டூடியோக்காரருக்கு வியாபாரம் குறைந்தது. "பத்து வருஷமா கத்துக்கிட்டு இருக்கே. யாரைம்மா எடுக்கப் போறே, ராஜாவையா?" என்று ஒரு நாள் கடைவாசலில் சீண்டினார். "நீங்க எடுத்தீங்களே ஒரு கூண்டு, அதைத்தான் இன்னொரு தடவை எடுக்கணும்" என்றாள். அவர் அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை.

பத்தாம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கம்பளியில் பூச்சி அரித்த ஒரு சிறு துளை வழியாக வெளிச்சம் குளியலறைச் சுவரில் விழுந்தது. விழுந்தது வெறும் பொட்டு அல்ல, தெரு. தலைகீழான தெரு. சைக்கிள்காரர் வானத்தில் சக்கரம் உருட்டிப் போனார். வில்லை இல்லை, வளையம் இல்லை, எண் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளித் தொங்கிய துணியும், ஊருக்கு அப்பால் இருந்த தண்ணீர்த் தொட்டியும் ஒரே அளவு தெளிவில் தெரிந்தன. தங்கை அக்காவைக் கூவி அழைத்தாள். இருவரும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வெயில் நகரும்வரை தெருவைத் தலைகீழாகப் பார்த்தார்கள். விளக்கம் இதுதான்: துளை போதிய அளவு சிறியதானால், பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரே ஒரு கற்றைதான் நுழைய முடியும். பக்கத்துப் பொருளின் கற்றையும் தூரத்துப் பொருளின் கற்றையும் ஒரே மாதிரி மெலிந்து வரும். ஊசித்துளைக்குக் கிட்டவும் தெரியாது எட்டவும் தெரியாது. குறிபார்க்கத் தேவையில்லாத கேமரா அது. அதைவிட முக்கியம், அதற்கு ஓர் இருட்டுப் பெட்டி போதும். ஆலையில் பெட்டிக்கா பஞ்சம்?

அக்கா பவுடர் டப்பாவின் தகரத்தை வெட்டி, மிக மெல்லிய ஊசியால் இடக்கையால் துளையிட்டு, பிசிறு போக உப்புத்தாளில் தேய்த்தாள். முப்பது தகரம் பாழானது. முப்பத்தொன்றாவது துளை வட்டமாக வந்தது. அதைச் சோப்பு அட்டைப்பெட்டியின் முகத்தில் ஒட்டி, உள்ளே கறுப்பு பூசி, பின்சுவரில் போட்டோ பேப்பரைப் பொருத்தினார்கள். துளைமேல் ஒரு துண்டுக் கறுப்பு நாடா. அதை உரித்தால் திறப்பு, ஒட்டினால் அடைப்பு. ஒரே ஒரு தொல்லை: துளை சிறிதென்றால் வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் நிறையும். கூரையின் கண்ணாடித் தகடு வழியே உச்சிவெயில் விழும் நேரத்தில்கூட ஆறு நிமிடம் வேண்டும். அந்த ஆறு நிமிடமும் அசையாதது மட்டுமே பதியும். நடந்து போகிறவர் படத்தில் இருக்கவே மாட்டார். மற்றவர்கள் எடுக்கும் படத்தில் ஒருவர் இல்லாமல் போனால் அது வேடிக்கை. அவள் எடுக்கும் படத்தில் இல்லாமல் போனால் ஆளே இல்லாமல் போவார்.

ஆகவே அவள் கூடத்திலிருந்த முப்பத்தாறு பேரிடமும் சொல்லிவிட வேண்டியிருந்தது. மூன்றாம் எண் ஆளுக்குக் கட்டைவிரல் போன பிறகு வேறு நான்கு பேருக்கும் ஏதாவது போயிருந்தது. வாய் திறக்காதவர்களுக்கு அசையாமல் நிற்பது அவ்வளவு கடினமில்லை. பயந்தவர்கள் ஒன்பது பேரை அந்த நேரத்தில் வெளியே போய்விடச் சொன்னாள். மற்றவர்கள் ஒரு மாதம், மதிய இடைவேளையில், சுவரோரம் நின்று பழகினார்கள். "எம் பொண்டாட்டி திட்டும்போது நிக்கற மாதிரி நின்னா போதுமா?" என்று கேட்டார் தள்ளுவண்டிக்காரர். சோப்புத்தூள் மூக்கில் ஏறி எப்போதும் தும்முகிறவர் அவர்தான். "நீங்க வெளிய போயிடுங்கண்ணே" என்றதற்கு, "போகமாட்டேன். இத்தனை வருஷம் தும்மிக்கிட்டே பாத்துட்டேன், ஒரு தடவை நின்னு பாக்கறேன்" என்றார்.

கோடையில் ஒரு புதன்கிழமை, நண்பகலுக்குப் பத்து நிமிடம் முன்பு, கூடத்தின் இயந்திரங்கள் எல்லாம் நின்றன. அந்தக் கூடத்தில் பதினோராயிரம் அட்டைப்பெட்டிகள் இருந்தன, ஏழாம் எண் இயந்திரத்தைப் பார்த்தபடி இருந்த அடுக்கின் உச்சியிலும் ஒன்று இருந்தது. தங்கை அதன் பின்னால் நின்றாள். வாயிற்காவலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்து, தன் பழைய இடத்தில் நின்று, அச்சின்மேல் வலக்கையை வைத்தாள். கூண்டு வழக்கம்போல் சுவரில் சாய்ந்திருந்தது. சத்தம் நின்றதைக் கேட்டு மேலாளர் ஓடிவந்தார். "என்ன இது? யார் நிறுத்தச் சொன்னது?" என்றார். யாரும் உதட்டை அசைக்கவில்லை. அவர் அக்காவைக் கண்டார். மங்கலில் என்ன முகபாவம் என்று தெரியவில்லை. "ஓஹோ. அப்படியா? சரி, நானும் நிக்கறேன். யார் முதல்ல அசையறீங்கன்னு பாத்துடலாம்" என்று இயந்திரத்துக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். அவர் பொறுமையைப் பற்றி அவருக்கே பெருமை உண்டு. தங்கை நாடாவை உரித்தாள்.

அசைந்தால் அழிவார், அசையாவிட்டால் தெரிவார். எது நடந்தாலும் அவளுக்குச் சம்மதம். இரண்டாவது நிமிடத்தில் அவர் அசையக் கூடாதா என்றும், நான்காவது நிமிடத்தில் அசைந்துவிடக் கூடாதே என்றும் அவள் வேண்டிக்கொண்டாள். அழிந்துபோனவனுக்கு வெட்கம் இருக்காது என்பது அப்போதுதான் தோன்றியது. ஐந்தாவது நிமிடத்தில் தள்ளுவண்டிக்காரர் தும்மினார். மற்றவர்கள் சிலையாக நின்றார்கள். மேலாளரும் நின்றார். ஆறு நிமிடம் முடிந்ததும் தங்கை நாடாவை ஒட்டினாள், அக்கா கையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள், இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. "தோத்துட்டீங்க" என்றார் மேலாளர், சுற்றிலும் பார்த்து.

மாலை நாலு மணிக்குப் பெட்டி மற்றப் பெட்டிகளோடு வெளியே வந்தது, நாலே முக்காலுக்குப் படம் மூன்றாவது தட்டில் இறங்கியது. அப்போது மேலாளர் தம் அறையில் கடிதமொன்றில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். எதிரில் நின்ற எழுத்தர் அவரைப் பார்த்தார், ஓர் அடி பின்னால் போனார், பிறகு கதவுவரை போனார். மேலாளர் தெளிந்துவிட்டார். ஒவ்வொரு புருவமுடியும், ஒவ்வொரு வியர்வைத் துளையும் தெரிந்தது. அத்தோடு நிற்கவில்லை. ஊசித்துளைக்குக் கிட்டவும் எட்டவும் ஒன்று என்பதால், அன்றைய புதன்கிழமையும் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்திய திங்கட்கிழமையும் அவரில் ஒரே அளவு தெளிவாகத் தெரிந்தன. பார்த்தவர்கள் அவர் சட்டைப் பொத்தானையும், அவர் கையில் ஸ்பேனர் சுழல்வதையும், போல்ட் கழல்வதையும், கூண்டைச் சாய்த்துவைப்பதையும் சேர்த்தே பார்த்தார்கள். மூன்றாம் எண்ணும் தெரிந்தது, மற்ற நான்கும் தெரிந்தன. துண்டைப் போர்த்திக்கொண்டால் துண்டும் தெரிந்தது, அதற்குப் பின்னால் இருந்ததும் தெரிந்தது. தள்ளுவண்டிக்காரரின் முகம் அன்றிலிருந்து லேசாக இரட்டித்தது. ஆளுக்கு ஒரு முகம், எனக்கு ஒன்றரை என்று அவர் சொல்லிக்கொண்டார், திருத்தச் சம்மதிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகளின் இறக்கைகள் கூடத்திலிருந்து போய்விட்டன. காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

விசாரணை அதிகாரி மறுபடி வந்தார். இம்முறை படம் எதுவும் கேட்கவில்லை. மேலாளரை எதிரில் உட்காரவைத்து அரைநாள் பார்த்தார், இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார், பிறகு புது அறிக்கை எழுதினார்: காப்புக் கூண்டு மேலாளரால் கழற்றப்பட்டது, தொழிலாளியிடம் தவறில்லை. பழைய தாளை எடுத்துவிட்டு இதைக் கண்ணாடிக்குள் வைத்தார்கள். அதன் நகல் ஒன்று அக்காவுக்கு வந்தது. அவள் இரண்டு முறை படித்தாள். "இதுல விரல் ஒண்ணும் முளைக்கலையே" என்றாள். பிறகு மூன்றாவது முறையும் படித்தாள்.

மேலாளரை ஆலை வெளியே அனுப்பியது. மனைவி அவரைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தி, சுவரைப் பார்த்துப் பேசினாள். அவர் ஸ்டூடியோக்காரரிடம் போய்த் தன்னை மங்கலாக எடுக்கச் சொன்னார். பன்னிரண்டு படம் எடுத்தும், மங்கல் காகிதத்தோடு நின்றது. கடைசியில் ஒரு காலை நேரத்தில் சகோதரிகள் இருந்த மாடிக்குப் படியேறி வந்தார். கையில் புதுக் கேமரா இருந்தது. வளையத்தை அவரே நான்கடியில் வைத்து, நாடாவால் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"அம்மா, நான் ஒண்ணும் கேக்கலை. முன்னே எடுத்த மாதிரி ஒண்ணு எடுத்துடுங்க. மங்கலா. நான் எங்கயாவது போயிடறேன்."

"எடுக்கறேன், சார். அப்படி ஜன்னல் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றாள் தங்கை, ஸ்டூடியோவில் வாடிக்கையாளரிடம் பேசும் மரியாதையோடு. அவர் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். அவள் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தாள். அவள் கை, நகத்தால் நாடாவைக் கிழித்து, வளையத்தை ஏழரை அடிக்குத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு ஏற்பத் துளையைச் சுருக்கி, அவர் தோள் சாயாமல் பார்த்து, அழுத்தியது. கழுவிப் பார்த்தபோது அதுவரை எடுத்ததிலேயே மிகத் தெளிவான படமாக இருந்தது. ஊசித்துளைப் பெட்டி எடுத்த படத்தில் விட்டுப்போயிருந்த, ஸ்பேனரின் மேல் இருந்த எண்ணெய்க் கறைகூட இப்போது அவரில் தெரிந்தது.

"மன்னிச்சுக்குங்க. தப்பா எடுக்கறது எப்படின்னு மறந்துபோச்சு" என்றாள் அவரிடம்.

அவர் படியிறங்கிப் போன பிறகு, "வேணும்னே செஞ்சியா, கை தானா செஞ்சுதா?" என்று அக்கா கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே கத்துக்கிட்டுது" என்றாள் தங்கை.

மேலாளர் ஊரைவிட்டுப் போகவில்லை. போன இடத்திலும் அப்படியேதான் தெரிவார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பகல் நேரத்தில் பேருந்து நிலையத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்கள் அவரைக் கண்டு திடுக்கிட்டு, இது என்ன என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது உண்டு. "அதுவா? இப்ப இடது பக்கம் கழட்டறாரு. கொஞ்ச நேரம் பொறுங்க, வலது பக்கத்துக்கு வருவாரு" என்று சொல்லிவிட்டு, பை மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளூர்க்காரர்கள் தங்கள் பேருந்தில் ஏறிக்கொள்வார்கள்.